உடைந்த ஓரத்துக் குராஷினா

கிதாரைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்கி வருகிறவள் மாதிரி, கஸுயோ பின்வாசல் வழியாக நுழைந்தாள். அவள் கெட்ட நேரம், அங்கேதான் அவள் கணவன் நொபோரு தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டாரா உங்கப்பா?" என்றான் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மெதுவாப் பேசுங்க. அம்மா எங்கே?"

"முன்வாசல்ல கீரை கழுவறாங்க. எதுக்கு இந்தப் போர்வை நாடகம்? அத்தைக்குக் கண்ணும் நல்லாத் தெரியுது, காதும் நல்லாக் கேக்குது. இந்த வீட்ல எதுவுமே தெரியாதவ நீ ஒருத்திதான்."

கஸுயோ போர்வையோடு உள்ளே நடந்தாள். அவன் கேலிக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தால் திருகு கழற்ற நேரம் இருக்காது.

மாட்சுமோட்டோவில் பழைய சாமான் கடை எதில் நுழைந்தாலும் கடைசி மூலையில் ஒரு குப்பைத் தொட்டி இருக்கும். உடைந்த பொம்மை, கம்பி அறுந்த அடுப்பு, யாரும் சீண்டாத எலெகி. மின்சார கிதாருக்கு அந்த ஊரில் எலெகி என்றுதான் பெயர். அந்த மூலையைக் கஸுயோ ஒரு வாரம் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. வாசிக்கத் தெரிந்தவளா என்றால் அதுவும் இல்லை. அச்சுப்பொறித் தொழிற்சாலையில் சால்டரிங் வேலை பார்க்கிறவள். பெட்டியைத் திறந்து, விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்து, பேசாததைப் பேச வைப்பது அவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் அவள் வாங்குவது பேச வைக்க இல்லை. உள்ளே பார்க்கத்தான்.

அவளுடைய அப்பா இந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் எலெகி செய்தவர். வெளியே போகும் ஒவ்வொன்றையும் சரிபார்த்து, கழுத்து வந்து உட்காரும் பள்ளத்தில், மரம் மூடி மறைக்கும் இடத்தில், தன் குடும்பப்பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் குத்துவது அவர் வேலை. அம்மா சொன்னதுதான். தோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம், பேரரசர் ஆட்சியை வைத்து எண்ணும் கணக்கில் ஷோவா முப்பத்தொன்பதில், வயிற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது கஸுயோவுக்கு நாலு வயது. அவர் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. படத்தில் இருக்கும் முகத்தைத்தான் நினைவு என்று வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கை பட்ட பொருள் ஒன்றாவது தன் கையில் இருக்க வேண்டும். இது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

இதுவரை இரண்டு கிடைத்திருந்தன. இரண்டிலும் சிவப்பாக, வட்டமாக, அவர்கள் குடும்பப்பெயர், 'குராஷினா'. அந்த ஊர்ப் பக்கம் குராஷினாக்களுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு முத்திரைக்கும் கீழ் வலது ஓரம் ஒரே மாதிரி உடைந்திருந்தது. முதல் கிதாரை அம்மாவிடம் காட்டினபோது அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமா, நம்ம வீட்டு முத்திரைதான்" என்றாள். போதாதா? இரண்டும் புத்தமாடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஏறிவிட்டன. காலையில் அப்பா படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தும்போது கிதார்களுக்கும் காட்டுவாள். செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஓபோன் பண்டிகைக்குச் சோறும் உண்டு. அந்த நேரம் பார்த்து அம்மா டமியே எழுந்து தேநீர் போடப் போய்விடுவாள். இத்தனை வருஷம் ஆகியும் துக்கம் ஆறவில்லை பாவம் என்று மகள் நினைத்துக்கொள்வாள். அதனால்தான் இந்தத் தடவை போர்வை.

புதிதாக வந்ததைக் கஸுயோ மேஜையில் கிடத்தினாள். மேஜை என்றால், அம்மாவின் பழைய தையல் மெஷின் பெட்டி. மெஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிற்று, பெட்டி மட்டும் காலூன்றி நிற்கிறது. சால்டரிங் சூட்டுத் தழும்பும் துளைக்கருவி இறங்கின ஓட்டையுமாக மேல்பலகை அம்மைத் தழும்பு முகம் மாதிரி ஆகிவிட்டது. போன வாரம்கூட, தொலைபேசி அடிக்கிறதே என்று எழுந்து போனவள் சுடச்சுட சால்டரிங் கம்பியை அப்படியே வைத்துவிட்டாள். திரும்பி வருவதற்குள் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகியிருந்தது. "அடியில ஏதாவது போட்டுக்கடின்னு எத்தனை தடவை சொல்றது!" என்று அம்மா அன்றைக்கும் கத்தினாள். அந்த வீட்டில் அது மணியடிக்கிற மாதிரி ஒரு சத்தம். யாரும் காதில் வாங்குவதில்லை.

கிதார் நண்டு வடிவத்தில் இருந்தது. நடுவில் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. மூன்று கம்பிகள் இல்லை. பெயர்ப்பலகையை யாரோ பிடுங்கியிருந்தார்கள், இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் மிச்சம். 'ஒலி வராது, திருப்பி எடுக்கப்படாது' என்று சீட்டு தொங்கியது. விலை, இரண்டு பேர் விலாங்குமீன் சோறு சாப்பிடுகிற காசுதான்.

பின்பக்கத்து நாலு திருகையும் கழற்றிக் கழுத்தை அசைத்தாள். முனகிக்கொண்டே வந்தது. பள்ளத்தில் விளக்கைப் பிடித்தவள் போட்ட சத்தத்தில் நொபோரு கோப்பையைச் சிந்திவிட்டு ஓடி வந்தான்.

குராஷினா. கீழ் வலது ஓரம் உடைந்த குராஷினா.

"அப்பா!" என்றாள் கஸுயோ. குனிந்து வணங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். முந்தைய இரண்டிலும் பெயர் மட்டும்தான் இருந்தது, மற்றது சாயத்தில் மறைந்துபோயிருந்தது. இதில் சாயம் படவில்லை. முத்திரைக்குக் கீழே இரண்டு எண்கள் சுத்தமாகத் தெரிந்தன. நாற்பத்தொன்று. பக்கத்தில் ஆறு.

ஷோவா நாற்பத்தொன்று, ஆறாம் மாதம்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. செத்து இரண்டு வருஷம் ஆன மனிதர் முத்திரை குத்துவாரா?

"ஏங்க, இது என்ன?"

நொபோரு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு போய்விட்டது. "தொழிற்சாலையில வேலை மேஜையோட எண்ணா இருக்கும்."

"பக்கத்துல ஆறு?"

"அது... சரி, இங்கிலீஷ் வருஷமா இருக்கும். அமெரிக்காவுக்குப் போற சரக்காச்சே."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொண்ணா? அந்த வருஷம் நாம அமெரிக்காவுக்கு அனுப்பினது கிதாரா, குண்டா?"

நொபோரு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

அடுத்த நாட்களில் கஸுயோ செய்ததைப் பார்த்திருந்தால் யாருக்கும் பாவமாக இருந்திருக்கும். எப்போதும் ஒரு கிதாரின் வருஷத்தைக் கண்டுபிடிப்பது என்றால் அவளுக்குத் திருவிழா. இந்தத் தடவை ஒவ்வொரு அடையாளமும் அவள் தலையில் விழுந்தது. இது பழைய கிதாராக இருக்கட்டும், முப்பத்தொன்பதுக்கு முந்தியதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தாள். திருகுகளைப் பார்த்தாள். பழையதென்றால் தலையில் ஒற்றைக் கோடு இருக்கும். இதில் எல்லாமே பிளஸ். பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருளை, கழற்றிப் பார்த்தாள். முந்தைய இரண்டிலும் கறுப்புத் துணி சுற்றியிருந்தது, இதில் வெள்ளை நாடா. கடைசியாகக் கணினியில் ஒரு சேகரிப்பாளர் போட்டிருந்த பழைய விளம்பரப் படத்தோடு அந்த இரண்டு ஆணி ஓட்டைகளை ஒப்பிட்டாள். அச்சாகப் பொருந்தியது. நண்டு வடிவ எலெகி, 'இந்த வசந்தத்தில் புதிய வரவு'. படத்தின் கீழே ஷோவா நாற்பத்தொன்று.

இதற்குமேல் யாரிடம் போய் முறையிடுவது?

அத்தோடு விட்டதா? பள்ளத்தில் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்து சாய்வைச் சரிசெய்ய அடியில் ஆப்பாக வைத்தது. மெதுவாகப் பெயர்த்துத் திருப்பினாள். மஞ்சள் நிறம். கேரமல் மிட்டாய்ப் பெட்டி.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கேரமல் யார் தின்பார்கள்? குழந்தை தின்னும். அப்படியானால் அப்பா சாகவில்லை. இதே ஊரில், பஸ்ஸில் போனால் கொஞ்ச தூரத்தில், இன்னொரு வீட்டில் இருந்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து, காலிப் பெட்டியைக் கத்தரித்து வேலைக்கு எடுத்துப்போயிருக்கிறார். அப்பா இல்லாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் இவளை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆறாம் மாதத்தில்!

கை மட்டும் பழக்கதோஷத்தில் வேலை பார்த்தது. விட்டுப்போன எர்த் ஒயரைப் பற்றவைத்தாள். பச்சை பூத்த சுவிட்சுகளைச் சுரண்டினாள். வால்யூம் திருகில் மருந்து அடித்தாள். அட்டைத் துண்டை எடுத்துவிட்டு மரச்சீவல் வைத்துக் கழுத்தை முடுக்கினாள். புதுக் கம்பி கட்டி ஒலிபெருக்கியில் செருகிச் சுண்டினபோது, அந்த நண்டு கணீரென்று பேசிற்று. வேறு நாளாக இருந்தால் துள்ளியிருப்பாள். இன்றைக்கு உடனே ஒலிபெருக்கியை அணைத்தாள். அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு நேராக முன்வாசலுக்குப் போனாள். என்ன ஏதென்று புரியாமல் நொபோருவும் பின்னாலேயே போனான்.

டமியே ரப்பர் கையுறையோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குளிர்காலத்துக்கு முன்னால் போடுகிற நொஸவானாக் கீரை ஊறுகாய். கழுவின கீரை ஒரு பக்கம் மலையாகக் கிடந்தது.

"அம்மா, அப்பா எப்போ செத்தார்?"

"ஒலிம்பிக்ஸ் வருஷம். இது என்ன புதுசா? அந்த உப்பை எடு."

"நிஜமாவே செத்தாரா?"

டமியே நிமிர்ந்து பார்த்தாள். "எரிச்ச பிறகு எலும்பைக் குச்சியால பொறுக்கிச் சாடியில போட்டவ நான். அரைகுறையாவா செத்தார்? உனக்கு உடம்புக்கு என்ன?"

"அப்போ நாற்பத்தொண்ணுல முத்திரை குத்தினது யாரு?" கஸுயோவின் குரல் தெருவுக்கே கேட்டது. "ஒளிக்காதே, எல்லாத்தையும் பார்த்துட்டேன். திருகு, பிக்கப், விளம்பரம், எல்லாம் நாற்பத்தொண்ணு. அந்த வீட்ல ஒரு குழந்தை இருந்திருக்கு. கேரமல் தின்னிருக்கு. எனக்குத் தம்பி இருக்கானா, தங்கச்சி இருக்காளா? இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கிட்டியே! சொல்லும்மா!"

மஞ்சள் அட்டையை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். டமியே அதை வாங்கிப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. பிறகு ஊறுகாய் அமுக்கும் கல்லின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அந்தக் கேரமலைத் தின்னது நீதாண்டி."

"என்னது?"

"கம்பெனி குடுக்கிற அட்டை மழைக்காலத்துல ஊறி உப்பிப்போயிடும். கேரமல் பெட்டி மெழுகு பூசினது, உப்பாது. பெட்டி காலியாகணுமேன்னு உனக்கு வாங்கி வாங்கிக் குடுத்தேன். உன் கடைவாய்ப்பல்லு சொத்தையானது அதனாலதான். அதுக்கு வேணா திட்டு."

"நீ வாங்கிக் குடுத்தே சரி. கிதாருக்குள்ள யாரு வெச்சா?"

"நான்தான்."

"முத்திரை? குராஷினான்னு போட்டிருக்கே!"

டமியேவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், குராஷினான்னா உங்கப்பா ஒருத்தர்தானா? அப்ப நான் யாரு? அடுத்த வீட்டுக்காரியா?"

கஸுயோவுக்குப் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. இத்தனை கிதாரைக் கழற்றினாளே, அந்தப் பெயர் அம்மாவுக்கும் உண்டு என்பது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் புத்தியில் தட்டியதா? முத்திரை ஆணா பெண்ணா என்று சொல்லாது. அவளாகத்தான் ஆண் என்று வைத்துக்கொண்டாள்.

"நானும் குராஷினாதான்," என்றான் நொபோரு பின்னாலிருந்து. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து பெயரை மாற்றிக்கொண்டவன். "ஆனா சத்தியமா நான் குத்தலை."

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் தாயும் மகளும் ஒரே நேரத்தில்.

டமியே கையுறையை உருவினாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, ஓய்வூதியத்துக்குக் குத்துகிற சின்ன முத்திரைக் கட்டையை எடுத்து மகள் உள்ளங்கையில் வைத்தாள். கீழ் ஓரம் உடைந்திருந்தது.

"உங்கப்பாவோடதுதான். அவர் போன பிறகு என்னை வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. புது முத்திரை எதுக்குன்னு இதையே கொண்டுபோனேன். முதல் நாள் பயத்துல கை தவறி சிமெண்டுத் தரையில போட்டுட்டேன். அப்போ உடைஞ்சது."

"ஓரம் உடைஞ்சது எல்லாம்..."

"எல்லாம் நான் குத்தினது."

"அப்பா குத்தின எலெகி?"

"அவர் எலெகியைக் கண்ணாலகூடப் பார்த்ததில்லை கஸுயோ. அவர் இருந்த வரைக்கும் அந்தக் கம்பெனி எலெகியே செய்யலை. அவர் போன மறுவருஷம்தான் ஊர்ல அந்தப் பைத்தியம் பிடிச்சுது."

"ஊறுகாய்க் கடைக்கு வேலைக்குப் போறேன்னுதானே சொல்லுவே! எதுக்கு இந்தப் பொய்?"

"நீ ஒண்ணாம் வகுப்பு படிச்சப்போ எலெகின்னாலே பள்ளிக்கூடத்துல தடை. அதைத் தொட்டா பிள்ளைங்க கெட்டுப்போவாங்களாம். உன் பையில ஒரு எலெகிக் கம்பி கிடந்துச்சுன்னு தாய்மார் கூட்டத்துல வாத்தியார் தூக்கிக் காட்டினார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிச்சு. நான் அங்கதான் வேலை பார்க்கிறேன்னு சொன்னா உன்னை என்ன நினைப்பாங்க? 'இவ அப்பா அங்க வேலை பார்த்தவர்'னு சொல்லிட்டேன். செத்தவரை யாரு என்ன சொல்ல முடியும்? வாத்தியாரே மன்னிப்புக் கேட்டார். நீதான் அதை யாரோ சொல்லக் கேட்டு வீட்டுக்கு வந்து, எங்கப்பா எலெகி செஞ்சாராம்மான்னு கேட்டே. அப்போ உன் முகத்தைப் பார்க்கணுமே. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"இவ்வளவு வருஷமாவா வாய் வரலை? ரெண்டு கிதாரையும் மாடத்துல மாட்டினேனே! தினமும் ஊதுபத்தி காட்டினேனே!"

"காட்டினே. உயிரோட இருக்கிறவளுக்குத் தினமும் ஊதுபத்தி. பார்க்க முடியாமத்தான் எழுந்து தேநீர் போடப் போவேன்."

நொபோருவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். கஸுயோ சிரிக்கவில்லை. உப்புப் பைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, நாலு வயதுப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள்.

"அப்போ அப்பாவோடது எங்கிட்ட ஒண்ணுமே இல்லை," என்றாள் விக்கலுக்கு நடுவே. "ஒண்ணுமே இல்லை!"

டமியே கையுறையைத் தொட்டி விளிம்பில் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "இருக்கு."

"எங்கே?"

"அடியில ஏதாவது போட்டுக்கன்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன் உன்கிட்ட."

கஸுயோவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து ஓடினாள். மேஜையிலிருந்த கிதாரை எடுத்து நொபோரு கையில் திணித்தாள். டப்பாக்களையும் திருகுகளையும் கையாலேயே தரையில் தள்ளினாள். தையல் மெஷின் பெட்டியைத் தனியாளாகவே கவிழ்த்துப் போட்டாள். ஊரில் உள்ள கிதாரையெல்லாம் கழற்றிப் பார்த்தவள், இதன் அடியில் ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

அடிப்பலகையின் மூலையில் அது இருந்தது. சிவப்பு மங்கியிருந்தது, ஆனால் வட்டம் முழு வட்டம். ஓரம் உடையாத குராஷினா. கீழே முப்பத்தெட்டு என்று எண்.

டமியே மெல்ல நடந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்தக் கம்பெனியில அவருக்கு இந்தப் பெட்டி செய்யற வேலைதான். அவர் போறதுக்கு முந்தின வருஷம் எனக்குன்னு ஒண்ணு செஞ்சார். சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லிட்டு, தானே சோதிச்சு, தானே முத்திரை குத்தி, தோள்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தார்."

"ஏம்மா சொல்லலை?" என்றாள் கஸுயோ குனிந்தபடியே. "இதையாவது சொல்லியிருக்கலாமே."

"இதைச் சொன்னா அதையும் சொல்லணுமே. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே."

நொபோரு கிதாரை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கஸுயோ பெட்டியை நிமிர்த்தினாள். மேல்பலகையைத் துணியால் துடைத்தாள். தூசி போயிற்று, தழும்புகள் போகவில்லை. ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தவள், கட்டைவிரல் அகலத்துக்குக் கருகியிருந்த இடத்தில் நிறுத்தினாள். அது போன வாரம் அவளே வைத்த சூடு.